மெய்நிகர் நாடா நூலகம்

மெய்நிகர் நாடா நூலகம் என்பது வன்தட்டுகளைக் கொண்டு இயங்கினாலும், தன்னைப் பயன்படுத்தும் கணினிகளுக்குக் காந்த நாடா நூலகமாகவே தோற்றமளிக்கும் தரவுக் காப்பு அமைப்பு ஆகும். ஆங்கிலத்தில் இது விர்ச்சுவல் டேப் லைப்ரரி எனவும், சுருக்கமாக வி.டி.எல். எனவும் அழைக்கப்படுகிறது. நாடாவுக்கு எழுதுவதற்கென்றே உருவாக்கப்பட்ட காப்பு மென்பொருள்களை மாற்றாமலேயே வன்தட்டின் வேகத்தைப் பெறுவது இதன் முதன்மையான நோக்கம். வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், மருத்துவமனைகள், துறைமுகங்கள் போன்று பெருமளவு தரவுகளை நாள்தோறும் கையாளும் இடங்களில் இத்தகைய அமைப்புகள் பயன்படக்கூடியவை.

காப்புநகல் என்பது மூலத் தரவு அழிந்தாலோ, சிதைந்தாலோ, திருடப்பட்டாலோ மீட்டெடுப்பதற்காகத் தனியே வைக்கப்படும் படி ஆகும். எனவே ஒரு காப்பு அமைப்பின் தகுதி, அது எவ்வளவு விரைவாக எழுதுகிறது என்பதைக் காட்டிலும், பேரிடருக்குப் பின் அதிலிருந்து எவ்வளவு மீட்க முடிகிறது என்பதைக் கொண்டே அளவிடப்படுகிறது.

பின்னணி: காந்த நாடா நூலகம்

கணினித் தரவுகளைக் காந்த நாடாவில் பதியும் முறை 1951 இல் யூனிவாக் கணினியுடன் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. 1952 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது 726 என்னும் நாடா இயக்கியை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் நாடாச் சுருள்களை ஊழியர்களே எடுத்து இயக்கியில் பொருத்தினர். பின்னர் நாடாக்கள் சிறு பேழைகளுக்குள் அடைக்கப்பட்டன. அப்பேழைகளை எடுத்து வைக்க இயந்திரக் கைகள் வந்தன. 1987 இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் வெளியிட்ட 4400 வகை நூலகம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இத்தகைய தானியங்கி நாடா நூலகம் ஒன்றில் நான்கு முக்கிய உறுப்புகள் உள்ளன. பேழைகளை அடுக்கி வைக்கும் அறைகள், நாடாவைப் படித்து எழுதும் இயக்கிகள், பேழையை அறையிலிருந்து இயக்கிக்குக் கொண்டு செல்லும் இயந்திரக் கை, ஒவ்வொரு பேழையின் மீதும் ஒட்டப்பட்ட பட்டைக்குறி ஆகியவையே அவை. காப்பு மென்பொருள், "இந்தப் பட்டைக்குறி உள்ள பேழையை எடுத்து இன்ன இயக்கியில் இடு" என்று ஆணையிடும். எந்தப் பேழையில் எந்தக் கோப்பு உள்ளது என்னும் பட்டியலையும் அம்மென்பொருளே பேணும்.

இன்று பரவலாகப் பயன்படும் நாடா வகை எல்.டி.ஓ. ஆகும். 2000 இல் வெளிவந்த அதன் முதல் தலைமுறைப் பேழை 100 கிகாபைட் கொள்ளளவு கொண்டது. 2007 இல் வந்த நான்காம் தலைமுறை 800 கிகாபைட்டும், 2021 இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட்டும் கொள்ளும். இவை தரவைச் சுருக்காமல் கணக்கிடப்பட்ட அளவுகள்.

நாடாவின் சிக்கல்கள்

நாடா மலிவானது. நீண்ட காலம் நிலைப்பது. பயன்படாத நேரத்தில் மின்சாரம் வேண்டாதது. ஆயினும் அதன் இயல்பிலேயே சில இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, நாடா ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். நான்காம் தலைமுறை எல்.டி.ஓ. இயக்கி நொடிக்கு 120 மெகாபைட் வரை எழுத வல்லது. தரவை அனுப்பும் வழங்கி நொடிக்கு 10 மெகாபைட் மட்டுமே தந்தால், இயக்கி தன் வேகத்தை ஓரளவு குறைத்துப் பார்க்கும். அதற்கும் தரவு போதாதபோது நின்று, சிறிது பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் முன்னோக்கி ஓடத் தொடங்கும். காலணிக்கு மெருகிடும் துணி முன்னும் பின்னும் போய்வருவதைப் போன்ற இவ்வியக்கம் எழுதும் வேகத்தைப் பெரிதும் குறைப்பதோடு, நாடாவையும் எழுதுமுனையையும் தேய்க்கிறது.

இரண்டாவது, இதைத் தவிர்ப்பதற்காகப் பல வழங்கிகளின் தரவுகளை ஒரே நாடாவில் பின்னிப் பிணைத்து எழுதும் வழக்கம் உள்ளது. இதனால் எழுதுதல் விரைவாகிறது. ஆனால் ஒரு வழங்கியின் தரவை மட்டும் மீட்க வேண்டுமானால், மற்றவற்றின் தரவுகளையும் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் மீட்டெடுப்பு நீள்கிறது.

மூன்றாவது, நாடாவில் வேண்டிய இடத்திற்கு உடனே தாவ முடியாது. பேழையைப் பொருத்தி, நாடாவைச் சுற்றி, உரிய இடத்தை அடைய ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரே ஒரு சிறு கோப்பை மீட்கவும் இந்நேரம் தேவை.

நான்காவது, இயக்கிகளின் எண்ணிக்கைக்கு உட்பட்டே காப்புப் பணிகள் ஒரே நேரத்தில் நடக்க முடியும். நான்கு இயக்கிகள் இருந்தால், ஐந்தாம் பணி காத்திருக்க வேண்டும்.

வரலாறு

மெய்நிகர் நாடா முதலில் பெருங்கணினிகளுக்காகவே தோன்றியது. 1990களின் நடுவில் ஒரு பேழையின் கொள்ளளவு 10 கிகாபைட்டை எட்டியது. ஆனால் பழைய நிரல்கள் ஒரு பேழையில் ஒரு கோப்பை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பேழையைக் கேட்டன. இதனால் பேழையின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. இதற்குத் தீர்வாக ஐ.பி.எம். 1996 இல் மெய்நிகர் நாடா வழங்கி ஒன்றை அறிவித்து, அடுத்த ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. நிரல்கள் எழுதிய சிறு "நாடாக்களை" அது முதலில் வன்தட்டில் வாங்கிக்கொண்டது. பின்னர் அவற்றைத் தொகுத்து மெய்யான பேழைகளில் நிரப்பியது. 1998 இல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனமும் இதையொத்த அமைப்பை வெளியிட்டது.

2000களின் தொடக்கத்தில் வன்தட்டுகளின் விலை வீழ்ந்ததால் இம்முறை ஏனைய வழங்கிகளுக்கும் பரவியது. பால்கன்ஸ்டோர், இ.எம்.சி., டேட்டா டொமைன், டிலிஜென்ட் முதலிய நிறுவனங்கள் இத்துறையில் இறங்கின. செபடான் என்னும் நிறுவனத்தின் பெயர், "நாடாக்கள் வேண்டா" எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களைத் தலைகீழாக எழுதியதால் பிறந்ததாகும். 2008 இல் டிலிஜென்ட் நிறுவனத்தை ஐ.பி.எம். வாங்கியது. 2009 இல் டேட்டா டொமைன் நிறுவனத்துக்காக நெட்ஆப், இ.எம்.சி. ஆகியவை போட்டியிட, இறுதியில் இ.எம்.சி. அதைக் கைப்பற்றியது. 2013 இல் அமேசான் நிறுவனம் மேகக் கணிமைச் சேவையாகவும் மெய்நிகர் நாடா நூலகத்தை வழங்கத் தொடங்கியது.

செயற்படும் முறை

மெய்நிகர் நாடா நூலகம் ஒரு வழங்கிக் கணினி, அதில் இயங்கும் மென்பொருள், வன்தட்டு அணி ஆகியவற்றால் ஆனது. இது இழை ஒளித்தடம் வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ காப்பு வழங்கியுடன் இணைக்கப்படும். காப்பு வழங்கி, "நீ யார்?" என்று வினவும்போது, குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட வகை நாடா நூலகம் என்று இது விடையளிக்கும். பேழையை நகர்த்துமாறு ஆணை வந்தால், எதையும் நகர்த்தாமல், நகர்த்தியதாகத் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, பணி முடிந்ததென அறிவிக்கும். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றுமாறு ஆணை வந்தால், வன்தட்டில் படிக்கும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

ஒவ்வொரு மெய்நிகர் பேழையும் வன்தட்டிலுள்ள ஒரு கோப்பாகவோ கோப்புத் தொகுதியாகவோ இருக்கும். அதற்கெனப் பட்டைக்குறி எண்ணும் உண்டு. மெய்நிகர் இயக்கிகளை வேண்டிய எண்ணிக்கையில் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொரு வழங்கிக்கும் தனித்தனி இயக்கியை ஒதுக்க முடியும். தரவுகளைப் பின்னிப் பிணைத்து எழுத வேண்டிய தேவை இல்லை. வன்தட்டு சீரான வேகத்தை எதிர்பார்ப்பதில்லை ஆதலால், மெதுவாகத் தரவு தரும் வழங்கியாலும் தீங்கில்லை.

இரட்டிப்பு நீக்கம்

அடுத்தடுத்து எடுக்கப்படும் காப்புநகல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரே தரவை மீண்டும் மீண்டும் சேமிக்காமல் ஒருமுறை மட்டும் சேமிக்கும் நுட்பம் இரட்டிப்பு நீக்கம் எனப்படும். இதுவே வன்தட்டுக் காப்பை நாடாவோடு போட்டியிடும் அளவுக்கு மலிவாக்கியது.

இம்முறையில் வரும் தரவு சிறு துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணித விதியின்படி அடையாள எண் கணிக்கப்படும். அதே எண் ஏற்கனவே பதிவாகியிருந்தால், துண்டு மீண்டும் எழுதப்படாது. அது இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டுமே எழுதப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தின் தரவு 1 டெராபைட் என்றும், வாரத்துக்கு ஒருமுறை முழுமையான காப்புநகல் எடுக்கப்படுகிறது என்றும், எட்டு வாரப் படிகள் வைத்திருக்கப்படுகின்றன என்றும் கொள்வோம். சாதாரண முறையில் இதற்கு 8 டெராபைட் தேவை. வாரந்தோறும் 3 விழுக்காடு தரவு மட்டுமே மாறுகிறதெனில், இரட்டிப்பு நீக்கத்தின் பின் முதல் வாரத்துக்கு 1 டெராபைட்டும், எஞ்சிய ஏழு வாரங்களுக்கு 0.21 டெராபைட்டும், மொத்தம் 1.21 டெராபைட்டும் போதும். அதாவது ஆறரை மடங்குக்கும் மேலான சேமிப்பு கிடைக்கிறது.

இதற்குரிய விலையும் உண்டு. துண்டின் அளவு 8 கிலோபைட் எனில், 1 டெராபைட்டில் ஏறத்தாழ 12.5 கோடித் துண்டுகள் இருக்கும். அத்தனை அடையாள எண்களையும் விரைந்து தேடுவதற்குப் பெரிய நினைவகம் தேவை. மேலும், எட்டு வாரப் படிகளும் ஒரே துண்டைச் சார்ந்திருப்பதால், அத்துண்டு சிதைந்தால் எட்டுப் படிகளும் ஒருங்கே பழுதாகும். எனவே வன்தட்டு அணியின் பிழைதாங்கு திறனும், துண்டுகளை அவ்வப்போது சரிபார்ப்பதும் இன்றியமையாதவை. முன்கூட்டியே மறைக்குறியாக்கப்பட்ட தரவுக்கு இரட்டிப்பு நீக்கம் பயன் தருவதில்லை.

தொலைவுக் காப்பு: வடசென்னை எடுத்துக்காட்டு

காப்புநகல் மூலத் தரவு இருக்கும் இடத்திலேயே இருந்தால், ஒரே பேரிடர் இரண்டையும் அழித்துவிடும். இதை விளங்கிக்கொள்ள வடசென்னைக் கடற்கரை தக்க எடுத்துக்காட்டாகும். இராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம், அதன் தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், காமராசர் துறைமுகம், உள்ளே மணலி தொழிற்பகுதி எனக் கடலை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியில் முக்கியமான பல நிறுவனங்கள் அமைந்துள்ளன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் காசிமேட்டில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சேதமடைந்தன. தமிழகக் கடலோரக் குப்பங்களில் வீடுகளோடு குடும்ப அட்டை, படகு ஆவணங்கள் முதலிய தாள்களும் அடித்துச் செல்லப்பட்டன. தாளை இழந்தவர் தாம் யாரென மெய்ப்பிக்க அரசு அலுவலகத்திலுள்ள பதிவேட்டையே நம்ப வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வழங்கப்படும் நிவாரணத் தொகையும் பதிவேடுகளின் அடிப்படையிலேயே மீனவர் குடும்பங்களைச் சேர்கிறது. ஆகவே ஒரு பதிவேட்டின் காப்புநகல் என்பது, அதில் பெயர் உள்ள குடும்பத்தின் உரிமையைக் காப்பதும் ஆகும்.

2016 டிசம்பர் 12 இல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல பகுதிகளில் துண்டிக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் மழைவெள்ளம் மணலி, எண்ணூர்ப் பகுதிகளைச் சூழ்ந்தது. வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இத்தகைய நாட்களில் நாடாப் பேழைகளை வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டு செல்ல இயலாது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் வேறொரு சிக்கலாகும். எல்.டி.ஓ. பேழைகளை நெடுங்காலம் வைத்திருக்க 16 முதல் 25 பாகை செல்சியசு வெப்பமும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் பரிந்துரைக்கப்படுகின்றன. சென்னையின் இயல்பான காற்று பெரும்பாலான நாட்களில் இவ்வரம்புகளைக் கடந்தே இருப்பதால், குளிரூட்டப்பட்ட அறை இன்றி அங்கு நாடாக்களைப் பேண முடியாது.

மெய்நிகர் நாடா நூலகம் தன்னிடமுள்ள பேழைகளை வலையமைப்பு வழியாகத் தொலைவிலுள்ள மற்றொரு நூலகத்துக்குப் படியெடுத்து அனுப்ப வல்லது. இதில் இரட்டிப்பு நீக்கத்தின் பயன் தெளிவாகத் தெரியும். 10 டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் முழுமையாக அனுப்ப ஒன்பது நாட்களுக்கு மேலாகும். அதில் 2 விழுக்காடாகிய 200 கிகாபைட் மட்டுமே புதியது எனில், ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் அனுப்பிவிடலாம். புயல் எச்சரிக்கைக்கும் புயல் கரையைக் கடப்பதற்கும் இடைப்பட்ட நேரத்துக்குள் இப்பணி முடிந்துவிடும்.

சேருமிடத்தைத் தேர்வதிலும் கவனம் தேவை. காசிமேட்டில் உள்ள தரவின் படியைச் சென்னையின் தென்பகுதியில் வைத்தால், ஒரே புயல் இரு இடங்களையும் தாக்கக்கூடும். தமிழ்நாடு அரசின் தரவு மையம் சென்னையில் இருக்க, அதன் பேரிடர் மீட்பு மையம் உள்நாட்டு நகரமான திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டிருப்பது இக்காரணத்தால் பொருத்தமானதாகும்.

பணயத் தீநிரலும் குறைபாடுகளும்

வெள்ளமும் புயலும் தரவை ஓரிடத்தில் அழிக்கின்றன. தீநிரல்களோ வலையமைப்பு எட்டும் இடமெல்லாம் அழிக்கின்றன. 2017 சூன் 27 இல் நாட்பெட்யா என்னும் தீநிரல் மெர்சுக் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதனுடன் இணைந்த முனையங்கள் பல நாடுகளில் முடங்கின. மும்பைக்கு அருகிலுள்ள சவகர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்குப்பெட்டக முனையமும் அவற்றுள் ஒன்று. பெட்டகம் எங்கே அடுக்கப்பட்டுள்ளது, எந்தக் கப்பலுக்கு உரியது என்பதைக் கணினியே அறிந்திருக்கும் முனையத்தில், தரவு இன்றேல் பாரந்தூக்கி இருந்தும் பயனில்லை.

மெர்சுக்கின் பயனர் அடையாளங்களைப் பேணிய ஏறக்குறைய 150 வழங்கிகள் ஒன்றுக்கொன்று படியாக இருந்தன. அவை ஒன்றையொன்று காக்கும் எனக் கருதப்பட்டிருந்தது. ஆனால் அனைத்தும் வலையமைப்பில் இணைந்திருந்ததால் அனைத்தும் அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும், தாக்குதல் நேரத்தில் மின்தடையால் இணைப்பற்றிருந்தமையால் தப்பியது. அதிலிருந்த தரவு கையால் எடுத்துச் செல்லப்பட்டு, அதைக் கொண்டே வலையமைப்பு மீட்டமைக்கப்பட்டது.

இந்நிகழ்வு மெய்நிகர் நாடா நூலகத்தின் முதன்மைக் குறைபாட்டைச் சுட்டுகிறது. மெய்யான நாடாப் பேழை இயக்கியிலிருந்து கழற்றப்பட்டதும் எந்த வலையமைப்பும் அதைத் தொட முடியாது. இது காற்று இடைவெளி எனப்படுகிறது. மெய்நிகர் பேழை "அறைக்குத் திரும்பிய" பின்னும் சுழலும் வன்தட்டிலேயே உள்ளது. காப்பு மேலாளரின் கடவுச்சொல்லைக் கைப்பற்றியவர் அதை அழிக்கக்கூடும். தொலைவில் உள்ள படிக்கும் அந்த அழிப்பு அனுப்பப்படக்கூடும்.

2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் சிமெயில் சேவையில் ஏற்பட்ட மென்பொருள் பிழையால் 0.02 விழுக்காட்டுப் பயனர்களின் மடல்கள் மறைந்தன. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த படிகளும் பாதிக்கப்பட்ட நிலையில், இணைப்பின்றி வைக்கப்பட்டிருந்த நாடாக்களிலிருந்தே அவை மீட்கப்பட்டன. 2022 நவம்பர் 23 இல் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஐந்து வழங்கிகள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறைக்குறியாக்கப்பட்டது. நோயாளிகள் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் கையெழுத்தில் நடைபெற்றன. தாக்குதலுக்கு உட்படாத ஒரு காப்பு வழங்கியிலிருந்து மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன. இதற்கு மாறாக, 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேசோன் நகர அரசுத் தரவு மையத்தில் ஏற்பட்ட தீயில், வெளியே காப்புநகல் இல்லாத 858 டெராபைட் கொண்ட அரசுக் கோப்புச் சேமிப்பகம் அழிந்தது.

இக்குறைபாட்டை ஈடுசெய்யப் பல வழிகள் கையாளப்படுகின்றன. குறிப்பிட்ட காலம் வரை எவராலும் அழிக்க முடியாதவாறு மெய்நிகர் பேழையைப் பூட்டுதல், அழிப்பு ஆணைக்கு இருவரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குதல், காப்பு வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்தல் ஆகியவை அவற்றுட் சில. பலர் வன்தட்டில் முதல் படியையும், அதிலிருந்து மெய்யான நாடாவில் இரண்டாம் படியையும் எடுக்கின்றனர். அண்மைய மீட்டெடுப்புக்கு வன்தட்டும், நீண்டகாலப் பாதுகாப்புக்கு நாடாவும் பயன்படுகின்றன. மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்னும் 3-2-1 விதி இதன் சுருக்கமாகும்.

சட்டத் தேவைகள்

இந்தியாவில் 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி கணக்கேடுகள் எட்டு ஆண்டுகள் பேணப்பட வேண்டும். மின்னணுக் கணக்கேடுகளின் காப்புநகலை இந்தியாவிலுள்ள வழங்கியில் நாள்தோறும் வைக்க வேண்டும் என 2022 இல் விதி திருத்தப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு, கணினி அமைப்புகளின் நிகழ்வுப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க ஆணையிட்டது. காப்புக் காலமும் காப்பிடமும் இவ்வாறு சட்டத்தால் வரையறுக்கப்படுவதால், அவற்றுக்கேற்பவே பேழைகளின் காலாவதி அமைக்கப்படுகிறது.

இன்றைய நிலை

2000களின் இறுதிக்குப் பின் வந்த காப்பு மென்பொருள்கள் நாடாவைப் போலச் செய்யும் இடைநிலை இன்றியே வன்தட்டுக்கும் மேகச் சேமிப்பகத்துக்கும் நேரடியாக எழுதுகின்றன. எனவே புதிதாக அமைக்கப்படும் இடங்களில் மெய்நிகர் நாடா நூலகத்தின் தேவை குறைந்துள்ளது. எனினும் பெருங்கணினிகளிலும், பழைய நிரல்களை மாற்ற இயலாத நிறுவனங்களிலும் அது தொடர்ந்து பயன்படுகிறது.

எவ்வகை அமைப்பாயினும், காப்புநகல் எடுக்கப்பட்டது என்னும் அறிவிப்பு மட்டும் மீட்டெடுப்புக்கு உறுதியாகாது. குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒரு படியை உண்மையாகவே மீட்டுப் பார்த்து, அது முழுமையாக உள்ளதா, எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தறிவது காப்புப் பணியின் இன்றியமையாத பகுதியாகும்.